ரோடு பைக்கில் தட்டைப் பெடல்

வளைந்த ஹேண்டில்பாரும் ஒல்லி டயரும் கொண்ட ரோடு பைக்குகளில் ஒரு விசித்திரம் உண்டு. விலை குறைந்த வண்டி பெடலோடு வரும். விலை கூடிய வண்டி பெரும்பாலும் பெடல் இல்லாமலே வரும். எந்த நிறுவனத்தின் கிளீட் பெடலைப் பூட்டுவது என்பதை வாங்குகிறவர் தாமே முடிவு செய்துகொள்ளட்டும் என்று தயாரிப்பாளர்கள் விட்டுவிடுகிறார்கள். அவர் பூட்டப்போவது கிளீட் பெடல்தான் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது. அந்த இடத்தில் சாதாரணத் தட்டைப் பெடலைப் பூட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் சிறு கூட்டம். அதிகாலைக் குழு ஓட்டங்களில் அவர்களுடைய காலைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

தட்டைப் பெடலில் விளக்க அதிகம் இல்லை. பாதம் அதன்மேல் இருக்கும், எடுத்தால் வந்துவிடும். நல்ல வகைகளில் மேற்பரப்பு முழுக்கச் சிறு இரும்பு முள்கள் திருகப்பட்டு ரப்பர் அடிப்பாகத்தைக் கவ்விப் பிடிக்கும். கிளீட் பெடலில் ஷூவின் அடியில் கிளீட் என்ற பிளாஸ்டிக் அல்லது உலோகத் துண்டு திருகப்பட்டிருக்கும். முன்முனையை நுழைத்துக் குதிகாலை அழுத்தினால் பெடலின் ஸ்பிரிங் வாய் அதை ‘டக்’கென்று கவ்வும். விடுவிக்கக் குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். மேலே இழுத்தால் வராது. பழகியவருக்கு இது யோசிக்காமல் நடக்கும் செயல். பழகாதவருக்கு யோசிக்க நேரம் கிடைக்காத செயல்.

பாதத்தைப் பெடலோடு பிணைக்கும் ஆசை பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே பெடலின் முன்புறம் ஒரு கம்பிக் கூண்டு வைத்து அதற்குள் விரல்களை நுழைத்து, தோல் வாரால் இறுக்கும் டோ கிளிப் வந்துவிட்டது. பிரெஞ்சு வீரர் ஏஜேன் கிறிஸ்தோஃப் 1913 டூர் டி பிரான்ஸில், உடைந்த முன் ஃபோர்க்கைப் பிரெனே மலையடிவார ஊர் ஒன்றின் கொல்லன் பட்டறையில் தன் கையாலேயே அடித்துச் சேர்த்தவர். அவர் பெயரைத் தாங்கிய டோ கிளிப்புகள் பல பத்தாண்டுகள் விற்றன. தோல் வாருக்கு இத்தாலிய வீரர் அல்ஃப்ரெடோ பிண்டாவின் பெயர். எடி மெர்க்ஸ் 1969க்கும் 1974க்கும் இடையில் ஐந்து முறை டூரை வென்றதும் இந்தக் கூண்டையும் வாரையும் வைத்துத்தான். பந்தய வீரரின் ஷூ அடியில் ஒரு பள்ளம் வெட்டிய துண்டும் ஆணியடித்திருக்கும். அது பெடலின் தகட்டில் உட்கார்ந்துகொள்ளும். இறங்குவதற்கு முன்னால் குனிந்து கையால் வாரைத் தளர்த்த வேண்டும். மறந்தவர் வண்டியோடு சாய்வார்.

இந்தச் சங்கடத்துக்கு விடை பனிச்சறுக்கு மைதானத்திலிருந்து வந்தது. பிரான்ஸின் லுக் நிறுவனம், சறுக்குகிறவர் விழும்போது சறுக்குக்கட்டை காலைவிட்டுத் தானே கழன்றுகொள்ளும் பூட்டுகளைச் செய்துவந்தது. அதே யோசனையைப் பெடலுக்குக் கொண்டுவந்து 1984இல் அறிமுகப்படுத்தியது. அப்போது அந்த நிறுவனம் பெர்னார் தாப்பி என்ற தொழிலதிபரின் கையில் இருந்தது. லா வீ கிளேர் என்ற சைக்கிள் அணியும் அவருடையதே. அந்த அணியின் பெர்னார் ஈனோ 1985இல் லுக் பெடலில் ஓட்டித் தன் ஐந்தாவது டூரை வென்றார். மறு ஆண்டு அதே அணியின் அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் வென்றார். இதற்கு முன்னும் முயற்சிகள் நடந்திருந்தன. இத்தாலியின் சினெல்லி 1971இல் எம்71 என்ற பெடலை வெளியிட்டது. அதை விடுவிக்கப் பெடலிலுள்ள ஒரு நெம்பியைக் கையால் தள்ள வேண்டும் என்பதால் பெரிதாக எடுபடவில்லை. லுக்குக்குக் கிடைத்த மிகப்பெரிய விளம்பரம் ஈனோவின் கால்தான். 1990இல் ஷிமானோ மலைச்சைக்கிளுக்கான எஸ்பிடி பெடலைக் கொண்டுவந்தது. சிறிய உலோகக் கிளீட் ஷூவின் அடிக்குழிக்குள் மறைந்துவிடுவதால் அதைப் போட்டுக்கொண்டு நடக்க முடிந்தது. அதற்குள் ஐரோப்பியப் பந்தயச் சாலைகளிலிருந்து டோ கிளிப் ஏறக்குறைய மறைந்துபோயிருந்தது.

ஜப்பானில் மட்டும் மறையவில்லை. 1948இல் கொகுராவில் தொடங்கிய கெய்ரின் சைக்கிள் பந்தயங்கள் பார்வையாளர்கள் பணம் கட்டும் ஆட்டம் என்பதால், எல்லாருடைய வண்டியும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும் என்று விதிகள் கறாராக உள்ளன. இன்றும் அந்த வீரர்கள் இரும்பு ஃபிரேமில், டோ கிளிப்பில், இரட்டைத் தோல் வார் கட்டித்தான் ஓட்டுகிறார்கள். உலகின் மிக வேகமான கால்களில் சில, நூறாண்டுப் பழைய யோசனையில் கட்டுண்டு சுற்றுவதை வேகத்தின் பெயரால் கிளீட்டை விற்கிறவர்கள் அதிகம் பேசுவதில்லை.

பந்தயத்திலிருந்து கிளீட் பெடல் பொதுச் சாலைக்கு இறங்கியபோது கூடவே ஒரு விளக்கமும் இறங்கியது. தட்டைப் பெடலில் கீழே அழுத்த மட்டும்தான் முடியும். கிளீட் பெடலில் மேலே இழுக்கவும் முடியும். ஆகவே முழு வட்டத்திலும் சக்தி கிடைக்கும் என்பது அது. சைக்கிள் கடையில் புது ஷூவை விற்கும்போதும், குழு ஓட்டத்தில் மூத்தவர் இளையவருக்கு அறிவுரை சொல்லும்போதும் இதுவே சொல்லப்பட்டது, இன்றும் சொல்லப்படுகிறது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆய்வுக்கூடங்களில் அளந்து பார்த்தபோது கதை வேறாக வந்தது.

எட்வர்ட் காயிலும் அவர் குழுவினரும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், தேசிய அளவிலான சிறந்த ஓட்டுநர்களையும் அவர்களுக்கு ஒரு படி கீழே உள்ளவர்களையும் ஒப்பிட்டார்கள். மேல்தட்டு ஓட்டுநர்கள் அதிகம் இழுத்ததாகத் தெரியவில்லை. கீழே அழுத்தும் பகுதியில்தான் அவர்கள் கூடுதல் விசை தந்தார்கள். தாமஸ் கோர்ஃப் குழுவின் 2007 ஆய்வில் ஓட்டுநர்களிடம் வேண்டுமென்றே மேலே இழுத்து ஓட்டச் சொன்னார்கள். விசை சுழற்சித் திசையில் கூடுதலாகத் திரும்பியது உண்மை. ஆனால் அந்த வேலைக்கு உடல் செலவழித்த ஆற்றல் அதைவிட அதிகமாக இருந்ததால் மொத்தத் திறன் குறைந்தது. மேலேறும் காலை மறுகாலின் அழுத்தமே பெரும்பாலும் தூக்கிக்கொண்டு போகிறது. இடுப்பை மடக்கும் தசைகளை அந்த வேலைக்கு இழுப்பது உடலுக்குக் கட்டுபடியாகாத கணக்கு.

நேரடியான கேள்வியை ஆஷர் ஸ்ட்ராவும் ராஜர் கிராமும் கேட்டார்கள். இருவரும் போல்டரிலுள்ள கொலராடோ பல்கலைக்கழகத்தினர். அவர்களது 2016 கட்டுரையில், ஓடும் ஷூவும் தட்டைப் பெடலும், அதே ஷூவும் டோ கிளிப்பும், கிளீட் ஷூவும் கிளீட் பெடலும் என்று மூன்று வகையிலும் ஓட்டுநர்கள் சீரான மிதமான வேகத்தில் மிதித்தபோது உடல் செலவழித்த ஆற்றல் அளக்கப்பட்டது. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை பக்கத்து ஊர்வரை போய் இட்லி தின்றுவிட்டுத் திரும்புகிறவருக்கு இந்த முடிவே போதும்.

கிராம் அங்கேயே நின்றுவிடவில்லை. பிறகு வேறொரு சக ஆய்வாளரோடு சேர்ந்து வெளிச்சாலையில் முழு வேக ஸ்பிரிண்டை அளந்தபோது கிளீட்டும் விறைத்த அடியுள்ள ஷூவும் கண்கூடான முன்னிலை பெற்றன. சில விநாடிகளுக்கு உடல் தன்னிடமுள்ள எல்லாவற்றையும் கொட்டும்போது, சீட்டைவிட்டு எழுந்து ஹேண்டில்பாரை இழுத்து மிதிக்கும்போது, மேலே வரும் காலும் வேலை செய்கிறது. பாதம் பெடலைவிட்டு எகிறாது என்ற நம்பிக்கையும் சேர்கிறது. ஆக, கிளீட் பெடல் பந்தயக்காரரின் பிரச்சினைக்குக் கிடைத்த சரியான விடை. அந்தப் பிரச்சினையே இல்லாதவர்களுக்கும் அதே விடை கட்டாயப் பாடமாக ஆக்கப்பட்டதுதான் நடந்த கோளாறு.

இதை அமெரிக்காவில் உரக்கச் சொன்னவர் கிராண்ட் பீட்டர்சன். பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையில் சைக்கிள்களை வடிவமைத்தவர். அது 1994இல் மூடப்பட்டபின் கலிஃபோர்னியாவில் ரிவெண்டெல் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். பந்தயமே ஓட்டாதவர்கள் பந்தயக்காரர் போல உடுத்தி, பந்தயக்காரர் போலக் காலைப் பூட்டிக்கொண்டு, தேவையில்லாத வேதனையை விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்பது 2012இல் வந்த அவருடைய ‘ஜஸ்ட் ரைடு’ நூலின் சாரம். அவர் பேச்சில் பிடிவாதம் அதிகம். ஆனால் ஷூ விஷயத்தில் ஆய்வுகள் அவர் பக்கம் சாய்ந்தன. மலைச்சைக்கிள் உலகில் வாதம் பேச்சோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் சாம் ஹில் தட்டைப் பெடலிலேயே மலையிறக்கப் பந்தயத்தில் உலகச் சாம்பியன் ஆனார். பின்னர் 2017, 2018, 2019 மூன்று ஆண்டும் தொடர்ந்து எண்டியூரோ உலகத் தொடரை வென்றார். ரோடு பந்தயத்தில் அப்படி ஒருவர் இல்லை, வரவும் மாட்டார். அங்கே வெற்றியை முடிவு செய்வது பெரும்பாலும் கடைசி ஸ்பிரிண்ட்.

தமிழ்நாட்டில் தட்டைப் பெடல் புதுக் கொள்கை அல்ல, பழைய வழக்கம். அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் ஆலையிலிருந்து வந்த ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ வண்டிகளில் இருந்தது இரட்டை ரப்பர்க் கட்டை பொருத்திய பெடல். பால்காரரும் தபால்காரரும் செருப்புக் காலோடு அதில் ஆயுள் முழுவதும் மிதித்தார்கள். வாடகை சைக்கிளை மணிக்கணக்குக்கு எடுத்துப் பெரிய வண்டியின் முக்கோணத்துக்குள் காலை நுழைத்துக் குரங்கு பெடல் அடித்த பிள்ளைகளின் கால் ஒவ்வொரு அரைச்சுற்றுக்கும் பெடலில் இடம் மாறிக்கொண்டே இருந்தது. கட்டிய காலால் அந்த வித்தையைக் கற்றிருக்கவே முடியாது. அந்தத் தலைமுறையிலிருந்து வந்தவர்கள் நாற்பது வயதுக்குமேல் ரோடு பைக் வாங்கி, முதல்முறையாகக் காலைப் பூட்டிக்கொண்டபோது உண்டான திகைப்பை 2010களில் சென்னையின் அதிகாலைச் சாலைகளில் நிறையப் பார்க்க முடிந்தது.

அந்த ஆண்டுகளில் ரோடு பைக் சென்னையிலும் கோவையிலும் வேகமாகப் பரவியது. திருவான்மியூரில் கூடி, விடிவதற்குள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கி, முட்டுக்காடு தாண்டி மாமல்லபுரம் வரை போய்வருவது வழக்கமான ஓட்டம். புதிதாகச் சேர்ந்தவரிடம் மூத்தவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றே: “முதல்ல கிளீட் வாங்குங்க சார், அப்புறம் பாருங்க வித்தியாசத்தை.” வாங்குவார். வித்தியாசம் முதலில் சிக்னலில் தெரியும்.

அந்த விழுகை எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. சிவப்பு விளக்கைப் பார்த்து வேகம் குறைகிறது. ஓட்டுகிறவர் இடது காலை ஊன்ற எண்ணி இடது குதிகாலைத் திருப்பி விடுவித்துவிடுகிறார். அதுவரை சரி. பக்கத்தில் ஓர் ஆட்டோ உரசிக்கொண்டு வந்து நிற்கிறது. உடல் அனிச்சையாக வலப்பக்கம் சாய்கிறது. வலது காலோ பூட்டியபடி இருக்கிறது. வண்டியின் வேகம் பூஜ்யம் ஆகிவிட்டதால் பேலன்ஸ் பண்ண வழியில்லை. குதிகாலைத் திருப்ப வேண்டும் என்று மூளை சொல்வதற்குள் முழங்கையும் இடுப்பும் தாரில் பட்டுவிடுகின்றன. அடி பெரிதாக இருப்பதில்லை, மானம்தான் போகிறது. பைக்கில் நிற்கும் நாலு பேர் இறங்கி ஓடிவந்து, வண்டியோடு ஒட்டிக்கிடக்கும் மனிதரை என்ன செய்வதென்று தெரியாமல் விழிப்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் இன்னொரு செலவும் உண்டு. கியர் மாற்றும் பின் டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் என்ற சிறு அலுமினியத் துண்டு வளைந்து, கியர் தாண்டித் தாண்டி விழ ஆரம்பிக்கும். நெரிசலுக்குள் ஓடும் வண்டியில் காலைப் பூட்டிவைப்பது துணிச்சல் அல்ல, வேண்டாத வேலை என்ற முடிவுக்கு இக்கட்டுரையாளர் வந்ததற்கு அத்தகைய சிக்னல்களே காரணம்.

நாய்கள் இரண்டாவது காரணம். விடியற்காலையில் மீன் சந்தை, கறிக்கடை ஓரங்களில் படுத்திருக்கும் கூட்டம் சைக்கிள் சக்கரத்தின் ஓசைக்குத் திடுக்கிட்டு எழுந்து துரத்தும். ஓடத் தெரிந்தவர் ஓடிவிடலாம். ஆனால் நாய் முன்சக்கரத்துக்குக் குறுக்கே வந்துவிட்டால் செய்யவேண்டியது பிரேக் பிடித்துக் காலை ஊன்றி நிற்பதுதான். நின்றால் பெரும்பாலான நாய்கள் ஆர்வம் இழந்துவிடும். அந்த அரை விநாடியில் குதிகாலைத் திருப்ப வேண்டிய அவசியம் இல்லாதிருப்பது பெரிய நிம்மதி. பெயிண்ட் அடிக்காத வேகத்தடைகள், மழையில் பிளந்த பள்ளங்கள், சாலையில் காயப்போட்ட நெல், எதிர்த்திசையில் வரும் டிராக்டர் என்று எதற்காகவும் காலை எடுக்க வேண்டியிருக்கும் சாலைகள் இவை. ஐரோப்பாவில் பந்தயத்துக்காகப் போக்குவரத்தை நிறுத்திய சாலையில் பிறந்த பழக்கம் இங்கே எதிர்கொள்ளும் சூழல் வேறு.

நெடுந்தூர ஓட்டங்களில் விஷயம் இன்னும் தெளிவாகும். ஓடாக்ஸ் முறை பிரெவேக்கள் இந்தியா முழுவதும் நடக்கின்றன: 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள், 300ஐ 20 மணிக்குள், 400ஐ 27 மணிக்குள், 600ஐ 40 மணிக்குள் முடிக்க வேண்டும். இது பந்தயம் அல்ல. முதலில் வந்தவருக்கும் கடைசி நிமிடத்தில் வந்தவருக்கும் மரியாதை ஒன்றே. வழியில் குறித்த இடங்களில் இறங்கி அட்டையில் முத்திரையோ கையெழுத்தோ வாங்க வேண்டும். சாப்பிட, தண்ணீர் நிரப்ப, ஒதுங்க, பஞ்சர் ஒட்ட என்று இறங்குவது தனி. இரவு ஒரு மணிக்கு நெடுஞ்சாலை ஓர டீக்கடையின் வழவழப்பான டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் கிளீட்டோடு நடப்பவர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போவார். “என்ன சார், காலுக்கு லாடம் அடிச்சிருக்கா?” என்று விழுப்புரம் பக்கத்து டீ மாஸ்டர் ஒருவர் கேட்டது உடன் ஓட்டிய குழுவில் நெடுங்காலம் சொல்லிச் சிரிக்கப்பட்டது. கடை வாசலின் கரடுமுரடான சிமெண்டிலும் ஜல்லியிலும் நடந்து நடந்து கிளீட் தேயும். தேய்ந்தபின் பிடி தளர்ந்து, எதிர்பாராத நேரத்தில் தானே கழலும். மண்ணும் களியும் புகுந்துவிட்டால் மாட்டவே மாட்டாது. குச்சி தேடிச் சுரண்ட வேண்டும்.

வெயில் தனி அத்தியாயம். கிளீட் ஷூ இறுக்கமாகவும் அடி விறைப்பாகவும் இருந்தால்தான் அதன் வேலையைச் செய்யும். மதிய வெயிலில் பாதம் வீங்கும்; 150 கிலோமீட்டருக்குப் பிறகு விரல்களின் அடிப்பகுதியில் ஒரே புள்ளியில் எரிச்சல் தொடங்கும்; பிறகு சுண்டுவிரல் மரத்துப்போகும். பாதம் ஓர் அங்குலம்கூட இடம் மாற வழியில்லாததால் அதே புள்ளிதான் மணிக்கணக்காக அடி வாங்கும். தட்டைப் பெடலில் ஓட்டுகிறவர் தன்னையறியாமலே பாதத்தைச் சற்று முன்னே, சற்று உள்ளே என்று நகர்த்திக்கொண்டே இருப்பார். நெடுந்தூரத்தில் தட்டைப் பெடல் தரும் பெரிய லாபம் இதுதான் என்பது இக்கட்டுரையாளரின் கணிப்பு.

முழங்காலுக்கும் இது பொருந்தும். முதல்தலைமுறை லுக் கிளீட்டுகள் பாதத்தை அசையவே விடவில்லை. அதைக் கோணலாகத் திருகிவிட்டவர்களுக்கு முழங்கால் வலி வந்தது. லுக்கின் முன்னாள் மூளையான ஜான் பெய்ல் இணைந்து தொடங்கிய டைம் நிறுவனம், பாதம் சிறிது திரும்ப இடம் விடும் பெடலைக் கொண்டுவந்தது. அந்த இடத்தின் அளவு இப்போது கிளீட்டின் நிறத்திலேயே தெரியும். ஷிமானோவின் ரோடு கிளீட்டில் சிவப்பு என்றால் அசைவே இல்லை, நீலம் 2 டிகிரி, மஞ்சள் 6 டிகிரி. லுக்கில் கறுப்பு அசையாது, சாம்பல் 4.5 டிகிரி, சிவப்பு 9 டிகிரி. ஒரே சிவப்பு இரண்டு நிறுவனங்களிலும் நேரெதிர் பொருள் தருவது வாங்குகிறவரைப் படுத்துவதற்கென்றே செய்ததுபோல இருக்கிறது. தட்டைப் பெடலில் இந்தக் கணக்கே இல்லை. முழங்கால் விரும்பிய கோணத்தில் பாதம் உட்காரும்.

மலை ஏறும்போது இரு தரப்புக்கும் நியாயம் உண்டு. மசினகுடியிலிருந்து ஊட்டிக்குப் போகும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். நீலகிரி சைக்கிள் பயணங்களில் ஓட்டுகிறவர்களின் கனவிலும் வரும் ஏற்றம் அது. கொல்லிமலையில் வளைவுகள் 70. கல்லட்டியின் செங்குத்தான பகுதியில் சீட்டைவிட்டு எழுந்து, மணிக்கு ஆறேழு கிலோமீட்டர் வேகத்தில் வண்டியை இடமும் வலமும் ஆட்டி ஏறும்போது கிளீட்டின் உறுதி பிடிக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் மூச்சு முட்டி நிற்க நேர்ந்தால் மறுபடி கிளம்புவதுதான் பாடு. ஒரு காலை மாட்டி ஓர் அழுத்து அழுத்தி, மறுகாலின் கிளீட் பெடலின் வாயைத் தேடுவதற்குள் வண்டி நின்றுவிடும். ஷூ பெடலின் முதுகில் வழுக்கும். பலர் வண்டியைச் சாலைக்குக் குறுக்கே திருப்பி, பக்கவாட்டில் ஓட்டிக் காலை மாட்டிக்கொண்டு பிறகு ஏறுவார்கள். எதிரே வண்டி வரும் மலைச்சாலையில் அது நல்ல பழக்கம் அல்ல. தட்டைப் பெடல்காரர் எங்கே நின்றாலும் அங்கேயே கிளம்புவார். வேண்டுமானால் ஒரு வளைவு தள்ளிக்கொண்டும் நடப்பார். தள்ளுவதில் கேவலம் ஒன்றும் இல்லை. கிளீட் ஷூவில் தள்ளுவதுதான் கஷ்டம்.

தட்டைப் பெடல் தோற்கும் இடங்களையும் சொல்ல வேண்டும். ஸ்பிரிண்ட் ஏற்கெனவே சொன்னதுதான். நிமிடத்துக்கு நூறு சுற்றுக்குமேல் கால் சுழலும்போது பாதம் மேலே துள்ளத் தொடங்கும். அதை அடக்கவே கவனம் போகும். இறக்கத்தில் மிதிக்காமல் வேகமாக வரும்போது ஒரு குழியில் சக்கரம் இறங்கினால் பாதம் பெடலைவிட்டு ஒரு கணம் மிதக்கும். அதைத் தவிர்க்க இரு பெடலையும் கிடைமட்டமாக வைத்து, குதிகாலைத் தாழ்த்தி, முழங்காலை மடக்கி ஓட்டப் பழக வேண்டும். கிளீட்காரருக்கு இந்தப் பயிற்சி தேவையில்லை என்பதாலேயே பலருக்கு இது கைவருவதில்லை. இரண்டு பெடலையும் ஒட்டிக்கொண்டு வண்டியை அப்படியே தூக்கிவிடுவார்கள். குழுவில் ஒருவர் பின்சக்கரத்தை ஒட்டி மற்றவர் ஓடும்போது, முன்னால் இருப்பவர் திடீரென்று முடுக்கினால் தட்டைப் பெடல்காரர் சற்றுப் பின்தங்குவதும் நடக்கும். இவற்றோடு முள் பெடலின் சொந்தக் குறை ஒன்று: வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கையில் பெடல் சுழன்று வந்து முன்னங்காலில் மோதினால் நான்கைந்து கோடுகள் இழுத்து ரத்தம் கசியும். பழைய தட்டைப் பெடல்காரரைக் காலில் உள்ள தழும்பை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

எடை பற்றிய கவலை பெரும்பாலும் பேச்சுக்குத்தான். நல்ல ரோடு கிளீட் பெடல் ஜோடி ஏறக்குறைய கால் கிலோ. நைலான் தட்டைப் பெடல் அதைவிட நூறு நூற்றைம்பது கிராம் கூடலாம். கிளீட்டின் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால் வித்தியாசம் இன்னும் சுருங்கும். பாட்டிலில் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் கணக்கு.

தட்டைப் பெடலைப் பற்றிய குறைகளில் பாதி உண்மையில் ஷூவைப் பற்றியவை. தடித்த பஞ்சு அடியுள்ள ஓட்ட ஷூ ஒவ்வொரு மிதியிலும் நசுங்கும். முள்ளில் சரியாகப் பதியாது. நீண்ட ஓட்டத்தில் பாதம் களைக்கும். அடி தட்டையாக, ஓரளவு விறைப்பாக, மென்மையான ரப்பராக இருக்க வேண்டும். பாறையேறிகளுக்கான ஷூ செய்துவந்த ஃபைவ் டென் நிறுவனம் அந்த ஒட்டும் ரப்பரையே சைக்கிள் ஷூவுக்கும் கொண்டுவந்தது. முள் பெடலும் அந்த ரப்பரும் சேர்ந்தால் பாதத்தை நகர்த்தவே சற்றுத் தூக்க வேண்டும், மழையிலும் வழுக்காது. அவ்வளவு செலவு செய்ய மனமில்லாதவருக்குச் சாதாரண கான்வாஸ் ஷூ தாராளமாகப் போதும். ஹவாய் செருப்பு பக்கத்துக் கடைவரைக்கும் சரி. முள் பெடலில் அதன் அடி கிழிந்துபோகும், வியர்வையில் பாதம் செருப்புக்குள்ளேயே வழுக்கும். லேஸைக் கட்டி, மீதி முனையை உள்ளே செருகிவிட வேண்டும். செயினில் சிக்கிய லேஸ் கிளீட்டைவிட மோசமாகக் கட்டிப்போடும்.

பாதத்தை எங்கே வைப்பது என்பதில் பழைய வழக்கமும் புத்தக அறிவுரையும் முரண்படுகின்றன. விரல்களுக்குப் பின்னாலுள்ள மேடு பெடல் அச்சின்மேல் வரவேண்டும் என்பது பந்தயப் பாடம். கிளீட்டின் திருகு ஓட்டைகளும் அங்கேதான். கிராமத்துச் சைக்கிள்காரர் உள்ளங்காலின் நடுவால் மிதித்தார். யாரும் அவருக்கு அது தவறென்று சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார். அமெரிக்காவில் கேட்டலிஸ்ட் என்ற பெயரில் வந்த நீளமான தட்டைப் பெடல், பாதத்தின் வளைவின் இரு முனைகளையும் தாங்கும்படி அதே நடுப்பாத மிதியைத்தான் வலியுறுத்துகிறது. நடுப்பாதத்துக்கு மாறினால் கணுக்காலும் கெண்டைக்காலும் குறைவாக உழைக்கும்; கால் எட்டும் நீளம் குறைவதால் சீட்டைச் சிறிது இறக்க வேண்டும். திருப்பும்போது ஷூவின் முனை முன்சக்கரத்தில் உரசுகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறிய ஃபிரேம்களில் உரசும்.

பெடல் மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. பெரியவர்களின் ரோடு பைக்குகளில் பெடல் அச்சின் மரை ஏறக்குறைய எல்லாவற்றிலும் 9/16 அங்குலம். எந்தக் கடைப் பெடலும் பொருந்தும். சில பெடல்களுக்கு 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் வேண்டும், சிலவற்றுக்குப் பின்பக்கமிருந்து 6 அல்லது 8 மில்லிமீட்டர் ஆலன் கீ. வலது பெடலுக்கு வழக்கமான மரை, இடதுக்கு எதிர்மரை. மிதிக்க மிதிக்கத் தானே கழன்றுவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. எந்தப் பக்கமானாலும் ஸ்பேனரின் கைப்பிடியை மேல்நோக்கி வைத்துக்கொண்டு வண்டியின் பின்பக்கமாகத் தள்ளினால் கழலும், முன்பக்கமாகத் தள்ளினால் இறுகும். புதிதாகப் பூட்டும்போது முதல் சில சுற்றுகளை விரலாலேயே ஏற்ற வேண்டும். அலுமினிய கிராங்கில் மரை கோணலாக ஏறினால் கிராங்கையே மாற்றும்படி ஆகிவிடும். மரையில் சிறிது கிரீஸ் தடவாமல் பூட்டக் கூடாது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பட்டு, கிரீஸ் இல்லாத இரும்பு அச்சு அலுமினியத்தோடு ஒட்டிக்கொண்டு, ஸ்பேனரில் குழாய் சொருகி ஏறி நின்றாலும் அசையாது. பூட்டி முடித்தபின் முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். தேய்ந்த முள்களைப் பெரும்பாலான பெடல்களில் சிறு ஆலன் கீயால் கழற்றி மாற்றலாம். சிலவற்றில் எதிர்ப்பக்கத்திலிருந்து திருகியிருப்பார்கள், முள்ளின் தலை கல்லில் நசுங்கினாலும் கழற்ற முடிவதால் வாங்கும்போது அந்த வகையைத் தேர்வது நல்லது.